கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்பிட்டிக்குத் தனியாக பைக்கில்: செப்டம்பர் பயணத்துக்கு யோசனை தேவை

தோப்புக்காரி (காவேரிப்பட்டணம்):

அனைவருக்கும் வணக்கம். மாங்காய் அறுவடை முடிந்து, கூழ் ஆலையிலிருந்து வரவேண்டிய பணமும் கைக்கு வந்த பிறகு எனக்கு ஆண்டில் ஓய்வென்று கிடைப்பது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான். இந்த முறை அந்த ஓய்வில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குத் தனியாக பைக்கில் போக முடிவு செய்திருக்கிறேன். தோப்பைப் பார்த்துக்கொள்ளத் தம்பி இருக்கிறான். மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வெளியே இருக்க முடியும்.

போட்டிருக்கும் திட்டம் இது: நம் ஊர் வழியாகவே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக டெல்லி. அங்கிருந்து சண்டிகர், மணாலி. மணாலியில் ஓர் இரவு தங்கிவிட்டு அடல் சுரங்கப்பாதை, கிராம்ஃபு, பாட்டல் வழியாக அன்றைக்கே சந்திரதால் ஏரி. மறுநாள் குன்சும் கணவாய் ஏறி காஜா. பிறகு தாபோ, கின்னௌர், சிம்லா வழியாகத் திரும்புதல். வண்டி ஒசூரில் செய்த 200 சிசி. ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல் சாலைகளில் நன்றாக ஓட்டிப் பழகியிருக்கிறேன்.

போகலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, போகத்தான் போகிறேன். இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

தொப்பூர் கணவாய் (தருமபுரி):

அம்மா, நான் லாரி ஓட்டுபவன். தக்காளியும் மாங்கூழும் ஏற்றிக்கொண்டு வடக்கே போய், காஷ்மீரிலிருந்து ஆப்பிள் ஏற்றிக்கொண்டு இறங்கிய காலம் உண்டு. 44-ஆம் எண் சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மலைக்குள் இருப்பதை மற்றவர்கள் சொல்லட்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். நாலு வழி, ஆறு வழிச் சாலை, ஓட்டத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் பைக்கில் தனியாகப் போகிறவர் அதற்கு நான்கைந்து நாட்களாவது கொடுக்க வேண்டும், திரும்பி வருவதற்கு அதே அளவு இன்னொரு முறை. உங்களிடம் இருப்பது மூன்று வாரத்துக்கும் குறைவு. பாதி விடுப்பைச் சமவெளி தின்றுவிட்டால் மலைக்கு மிச்சம் என்ன இருக்கும்? வெயிலிலும் லாரிப் புகையிலும் உடம்பு களைத்துப் போய் மலையடிவாரத்தில் நிற்பீர்கள். ஏறத் தொடங்க வேண்டிய நிலை அது அல்ல.

வண்டியை ரயிலில் ஏற்றிவிடுங்கள். நம் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் இல்லை என்ற வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும், பெங்களூரு யஷ்வந்த்பூர் நிலையத்திலிருந்து சண்டிகருக்கே நேராகப் போகும் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தினமும் கிடையாது, நாள் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, என் தொழிலில் கற்றது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் விட்டுவிடுவார்கள், பிரேக் சூடேறும், பிறகு பிடிக்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. கொல்லிமலைக்கும் அதுதான், இமயமலைக்கும் அதுதான். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள்.

பென்னாகரம் பெரியவர்:

மகளே, உன் தைரியத்தைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஆளில்லாத இடத்துக்குத் தனியாக ஏன்? பெங்களூரிலிருந்து எத்தனையோ குழுக்கள் போகின்றன. பின்னால் வேனும் மெக்கானிக்கும் வருவார்கள். அவர்களோடு சேர்ந்து போனால் வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி.

ஒசூர்ப் பனி:

ஸ்பிட்டிக்குப் பல ஆண்டுகளாகப் போய் வருகிறேன், இரு பக்கமிருந்தும் ஏறியிருக்கிறேன். பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். நீங்கள் கடைசியில் வைத்திருக்கும் கின்னௌர் முதலில் வர வேண்டும், முதலில் வைத்திருக்கும் சந்திரதால் கடைசியில்.

காரணம் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர், சந்திரதால் ஏறத்தாழ 4,250 மீட்டர். காலையில் மணாலியில் காபி குடித்துவிட்டு இரவு ஏரிக்கரைக் கூடாரத்தில் படுத்தால், ஒரே நாளில் தூங்கும் உயரத்தை 2,200 மீட்டர் கூட்டுகிறீர்கள். உயரத்தைப் பற்றித் தெரிந்த மருத்துவர்கள் சொல்வது, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்று. அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது என்பது என் கருத்து. முன்பு 3,978 மீட்டர் ரோஹ்தாங் கணவாயில் ஏறி இறங்கும்போதே உடம்பு எச்சரிக்கும், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். இப்போது ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தில் சில நிமிடங்களில் மறுபக்கம் போய்விடலாம், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பாட்டலைத் தாண்டியிருப்பீர்கள், அங்கே ஃபோனும் எடுக்காது.

சிம்லா பக்கம் அப்படி இல்லை. சாலை தானாகவே மெல்ல ஏறுகிறது. நார்கண்டா 2,700 மீட்டர். பிறகு ராம்பூரில் சட்லெஜ் கரைக்கு இறங்கி, மீண்டும் ஏறி ரெக்காங் பியோ, அதற்கு மேலே கல்பா 2,960. கல்பாவில் இரண்டு இரவு இருங்கள். எதிரே கின்னர் கைலாஷ், சுற்றிலும் ஆப்பிள் தோட்டம், செப்டம்பரில் காய் பறிக்கும் நேரம். தோப்பு வைத்திருப்பவருக்கு அங்கே பேசவும் பார்க்கவும் நிறைய இருக்கும். அடுத்த நாள் காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலப்பதைப் பார்ப்பீர்கள். அங்கிருந்து மழை மறைவுப் பகுதி தொடங்கிவிடும், மரம் அற்றுப்போகும். நாகோ 3,660 மீட்டரில் இருக்கிறது. அழகான ஊர், ஏரி இருக்கிறது, ஆனால் முதல் நாளே அங்கே தூங்காதீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவில் படுங்கள். 996-இல் நிறுவிய மடாலயம் அது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்சுவர், உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். இருட்டுக்குக் கண் பழகும்வரை பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், படம் எடுக்க அனுமதி இல்லை.

தாபோவிலிருந்து காஜா ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு, உயரம் சுமார் 3,700 மீட்டர். இங்கே குறைந்தது மூன்று இரவு. பகலில் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று 4,400, 4,500 மீட்டர் வரை ஏறிப் போகலாம், இரவுக்குக் காஜாவுக்கே திரும்ப வேண்டும். பகலில் உயரம், இரவில் தாழ்வு. இப்படிப் போனால் சந்திரதாலுக்கு நீங்கள் வந்து சேரும்போது உடம்பு தயாராக இருக்கும். அதே ஏரி, அதே கூடாரம், வந்த திசை மட்டும் வேறு.

"ஐந்து நாளில் ஸ்பிட்டி முழுச் சுற்று" என்று எழுதி இளைஞர்களைக் கூப்பிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. விடுப்பு ஐந்து நாள்தான் என்றால் கின்னௌரோடு திரும்புங்கள், சாங்லாவும் கல்பாவும் குறைந்த ஊர்கள் அல்ல.

பர்கூர் பண்ணை:

ஒசூர்க்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். காற்று மெலிந்த உயரத்துக்கு வேகமாக ஏறினால் வரும் உயர நோய்க்கு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொண்டு ஏறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே காய். தோப்புக்காரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சித்தேரி (அரூர்):

நான் செவிலியர். ராணுவ மருத்துவமனை ஒன்றில் லடாக்கில் வேலை பார்த்திருக்கிறேன். பர்கூர் அண்ணா, அந்த ஒப்பீடு பாதி சரி, பாதி ஆபத்து. அதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழம்பினால் உயிர் போகும்.

பொதுவாகப் பேசப்படும் மாத்திரை அசிட்டசோலமைடு. அது நோயை மறைப்பதில்லை. இரத்தத்தின் காரத்தன்மையைக் குறைத்து மூச்சை ஆழமாக்குகிறது. உடம்பு தானாகச் சில நாளில் செய்துகொள்ளும் மாற்றத்தைத்தான் அது விரைவுபடுத்துகிறது. தடுப்பாக வழக்கமாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பர்கூர் அண்ணா சொன்ன கல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுக்குப் பொருந்தும். அது அறிகுறியை அடக்கும், உடம்பைப் பழக்காது. நிறுத்தினால் நோய் திரும்பும். மூளை வீக்கத்தில் உயிரைக் காப்பாற்றி ஆளைக் கீழே கொண்டுபோக அவகாசம் தரும் மருந்து அது. அதை விழுங்கிவிட்டு மேலே ஏறுகிறவர் தன் எச்சரிக்கை மணியைத் தானே கழற்றிவிட்டு ஏறுகிறார்.

இனி தோப்புக்காரி அக்காவுக்கு. காஜாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு, குன்சும் கணவாயில் அறுபது விழுக்காட்டுக்கும் கீழே. நம் மாவட்டம் சுமார் 500 மீட்டர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் கையைப் பழக்கும், நுரையீரலைப் பழக்காது. நீங்கள் எவ்வளவு உழைப்பவராக இருந்தாலும், தோப்பில் நாள் முழுக்க மண் வெட்டினாலும், உயர நோய் வருமா வராதா என்பதை அது தீர்மானிக்காது. திடகாத்திரமான இளம் வீரர்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தங்களால் முடியும் என்று நினைத்து வேகமாக ஏறியவர்கள் அவர்கள்.

தொடக்கம் தலைவலி. அதோடு குமட்டல், பசியின்மை, களைப்பு, தூக்கம் கெடுதல். இந்தக் கட்டத்தில் ஏறுவதை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். நிறுத்தாமல் ஏறினால் இரண்டு விதமாக முற்றலாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல், பிறகு நுரை கலந்த சளி, உதடு நீலம். மூளை வீக்கம் மற்றொன்று: நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. இரவென்றாலும், பாதித் தூக்கம் என்றாலும் இறங்க வேண்டும். ஆக்சிஜன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

தனியாகப் போகிறவரின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெரியவர் ஐயா திருடனையோ பழுதையோ நினைத்துக் கேட்டிருப்பார். நான் இதை நினைக்கிறேன். மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது "எனக்கு உடம்பு சரியில்லை" என்று தெரிந்துகொள்ளும் அறிவு. குழுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார்: என்ன, ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறாய் என்று சொல்வார். தனியாக இருப்பவருக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. ஆகவே முடிவுகளை மேலே போய் எடுக்கக் கூடாது. இங்கே, காவேரிப்பட்டணத்தில், தெளிந்த புத்தியோடு இருக்கும்போதே எடுத்து, தாளில் எழுதி, வண்டியின் டேங்க் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைவலி இருக்கும் நாளில் மேலே ஏறித் தூங்க மாட்டேன். குமட்டலும் சேர்ந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்க மாட்டேன், கீழே இறங்குவதற்குத் தவிர. காலையும் மாலையும் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடந்து பார்ப்பேன், தள்ளாடினால் தங்குமிடத்துக்காரரை அழைத்து என்னைக் காஜா மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வேன். இப்படி எழுதுங்கள். எழுதியதோடு விவாதிக்காதீர்கள். அந்த உயரத்தில் உங்கள் வாதத்தைவிட அந்தத் தாளுக்குப் புத்தி அதிகம்.

தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது.

அஞ்செட்டி:

சித்தேரி சொன்ன தாள் யோசனை எங்கள் பக்கத்தில் வேறு விதமாக இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வரும் காட்டுச் சாலையில் பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம். இருட்டிய பிறகு பைக் எடுப்பதில்லை என்பது வீட்டுச் சட்டம். கல்யாணமானாலும் காரியமானாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அந்த நேரத்தில் யோசிக்க இடம் கொடுப்பதில்லை. முன்பே முடிவு செய்தது. அதனால்தான் ஊரில் நிம்மதியாக இருக்கிறோம்.

அங்கேயும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. மாலை நான்கு மணிக்குத் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். வழி தவறினாலும், டயர் போனாலும் இருட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்.

தோப்புக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ரயில் யோசனையையும் கின்னௌர் முதலில் என்பதையும் ஏற்றுக்கொண்டேன். சித்தேரி எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

பெரியவருக்கு: ஐயா, குழுவோடு போகாததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. குழுப் பயணத்தின் நாள்காட்டியைப் பார்த்தேன். காஜாவில் ஓர் இரவு, சந்திரதாலில் ஓர் இரவு, கடைசி நாளுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. யாருக்காவது தலை வலித்தால் அந்த வேன் நிற்குமா? அவரை ஏற்றிக்கொண்டு மேலே போகும், ஏனென்றால் மற்றவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். தனியாக இருந்தால் கல்பாவில் இன்னொரு நாள் இருக்க நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சித்தேரி சொன்ன ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் நிற்பதற்கான உரிமை என்னிடம் இருக்கிறது. அதை நான் பாதுகாப்பாகவே நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லத் தயங்கவில்லை. லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டம் 13,800 சதுர கிலோமீட்டருக்கு மேல், 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 31,564. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் 5,143 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 18.8 லட்சம் பேர். ஆண்டு முழுக்கக் கூலி, விலை, தரகர், தண்ணீர் என்று பேசிக்கொண்டே இருக்கிறேன். பேச வேண்டிய தேவையே இல்லாத ஓர் இடத்தில் சில நாள் இருக்க ஆசை. கூட இருபது பேரை அழைத்துப் போனால் அது கிடைக்காது.

இப்போது கேள்வி: காஜாவிலிருந்து குன்சும், பாட்டல், கிராம்ஃபு பகுதி எவ்வளவு கடினம்? அதைத் தனியாக ஓட்டலாமா?

ஒசூர்ப் பனி:

நல்ல கேள்வி, இந்த இழையில் மிக முக்கியமானதும் இதுதான். காஜாவிலிருந்து லோசர் வரை கவலை இல்லை. லோசர் சோதனைச்சாவடியில் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் குன்சும் ஏறுங்கள், சுமார் 4,550 மீட்டர். மறுபக்கம் பாட்டலுக்கு இறங்கியதும் சாலை என்று சொல்லத்தக்கது குறைந்துவிடும். உருண்டைக் கல், மணல், குறுக்கே ஓடும் நீர். பாட்டலிலிருந்து கிராம்ஃபு வரை ஐம்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் அதற்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

அந்த நீரோடைகளை அவர்கள் நாலா என்பார்கள். பனியாறு உருகி வரும் நீர். காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறி மேலே பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். பைக்கைத் தள்ளிவிடும் வேகம் வரும். ஆகவே சந்திரதாலிலிருந்து விடியற்காலை கிளம்பி முற்பகலுக்குள் ஓடைகளைத் தாண்டிவிட வேண்டும். ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி நின்று பாருங்கள். நீர் அகலமாகப் பரந்து ஓடும் இடம் ஆழம் குறைந்தது, குறுகி ஓடும் இடம் ஆழமானது. முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், நடுவில் கிளட்ச் பிடிக்கக் கூடாது, கண் எதிர்க்கரையில். சந்தேகமாக இருந்தால் அடுத்த வண்டி வரும்வரை காத்திருங்கள். செப்டம்பரில் வண்டி வரும், மணிக்கணக்கில் ஆகலாம், ஆனால் வரும். முன்பின் தெரியாத ஓட்டுநர்களும் நின்று கை கொடுப்பார்கள், அங்கே அதுதான் வழக்கம்.

பனிப்பொழிவைப் பற்றி ஒன்று. 2023 ஜூலையில், நடுக்கோடையில், சந்திரதாலில் பனி கொட்டி இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சில நாட்கள் சிக்கிக்கொண்டார்கள், மீட்புக் குழு சாலையைத் திறந்துதான் வெளியே கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் லாஹௌலில் பெரும்பனி, நூற்றுக்கணக்கானோர் மாட்டினார்கள். உங்கள் தேதிகள் இதற்குள் வருகின்றன. காஜாவை விட்டுக் கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள், லோசர் பக்கமிருந்து வந்த ஓட்டுநர்களிடம் கேளுங்கள். மேகம் கட்டியிருந்தால் காஜாவிலேயே இருங்கள், இல்லாவிட்டால் வந்த வழியே கின்னௌருக்குத் திரும்பிவிடுங்கள். வட்டத்தை முடிக்க வேண்டும் என்ற ஆசைதான் அங்கே பலரையும் மாட்டிவிடுகிறது. வந்த வழியே திரும்ப நாட்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்த நெருக்கடியே வராது.

கின்னௌர் பக்கம் பனி இல்லை, கல் விழும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பஸ்ஸும் வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். மழை பெய்த மறுநாள் வெயிலடித்தாலும் அந்தச் சாலையில் அவசரம் வேண்டாம். செங்குத்துப் பாறைக்குக் கீழே படம் எடுக்க நிற்காதீர்கள். சிறு கற்கள் உருண்டு வருகின்றன என்றால் பெரியது பின்னால் இருக்கிறது. அரசுப் பஸ் ஓட்டுநர்கள் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள், அவர்கள் போனால் போங்கள். அந்தச் சாலையை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை.

பாகலூர் பட்டறை:

வண்டிக்கு நான் சொல்கிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் எஞ்சின் சக்தி பத்து விழுக்காடு அளவு குறையும். எரிபொருள் இன்ஜெக்ஷன் இருக்கும் வண்டி பெட்ரோலைக் காற்றுக்கேற்ப அளந்துகொள்ளும், புகை தள்ளாது. ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பழுதல்ல, கியரைக் குறையுங்கள். சுமையையும் குறையுங்கள். சக்தி மூன்றில் ஒரு பங்கு போன இடத்தில் வீட்டையே கட்டிக்கொண்டு ஏற முடியாது.

கிளம்பும் முன் செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், இரு டயரும் புதிதாக இருக்கட்டும். புது டயரை இங்கேயே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போங்கள். கையில் கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், செயின் இணைப்பு, ஸ்பார்க் பிளக், ட்யூப்லெஸ் பஞ்சர் செட், சின்ன கம்ப்ரஸர். கிளட்ச் கேபிளை மாற்ற இங்கேயே நீங்கள் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன், காசு வேண்டாம். பொருள் பையில் இருந்து என்ன பயன், கைக்குத் தெரிய வேண்டும்.

பெட்ரோல்: ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் நிரப்புங்கள். அடுத்து நம்பத்தக்கது காஜா, ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காஜாவை விட்டால் மணாலிப் பக்கம் இறங்கும்வரை நம்பாதீர்கள். காஜா பங்க்கில் சரக்குத் தீர்ந்து ஒரு நாள் நிற்க நேரலாம். ஐந்து லிட்டர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் வேண்டாம்.

கேழ்வரகு (பாலக்கோடு):

ஒரு சின்ன சேர்க்கை. காஜா உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பும் அரிசியும் வேகாது. அடுப்பு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வறுத்த கேழ்வரகு மாவும் வெல்லமும் ஒரு பையில் வைத்துக்கொண்டால் வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்கலாம். அங்கே அவர்களும் வறுத்த பார்லி மாவை அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பசி எடுக்காத நாளிலும் இது உள்ளே இறங்கும்.

பணம் நோட்டாக வைத்திருங்கள். சிக்னல் போனால் ஃபோனில் பணம் அனுப்ப முடியாது.

மல்லசந்திரம்:

லாங்சாவில் குழந்தைகள் சுருள் வடிவப் புதைபடிவக் கற்களை விற்க வருவார்கள். இமயம் எழும்புவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலின் உயிர்கள் அவை. வாங்காதீர்கள். எங்கள் ஊர்க் கல்திட்டைகள் எப்படிக் குறைந்துபோயின என்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வாருங்கள்.

தோப்புக்காரி:

திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். யஷ்வந்த்பூரிலிருந்து சண்டிகர் வரை வண்டியோடு ரயிலில். பிறகு நார்கண்டா, கல்பா இரண்டு இரவு, தாபோ, காஜா மூன்று இரவு. கின்னௌரில் மழை தணிய இடம் கொடுத்துச் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்குகிறேன். குன்சும் பக்கம் போவதா, வந்த வழியே திரும்புவதா என்பதைக் காஜாவில் மூன்றாம் நாள் மாலை வானிலையைப் பார்த்து முடிவு செய்வேன். இரண்டுக்கும் நாள் இருக்கிறது. சந்திரதால் கிடைக்காமல் போனால் போகட்டும்.

தாளும் எழுதியாயிற்று, சித்தேரி சொன்ன மூன்றோடு அஞ்செட்டிக்காரரின் நான்கு மணிச் சட்டமும். ஒரு பிரதி தம்பியிடம் இருக்கும்.

பென்னாகரம் பெரியவர்:

நீ சொன்னதை யோசித்தேன். நிற்க முடிகிறவர் பாதுகாப்பானவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியிடம் தாள் மட்டும் போதாது. என்றைக்கு எங்கே தங்குகிறாய், அந்த விடுதியின் எண் என்ன என்பதும் அவனிடம் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஊர்களை முன்பே குறித்துக் கொடு, வீணாகப் பதற மாட்டான். குன்சும் கடக்கும் நாளில் மட்டும் ஒரு நேரம் வைத்துக்கொள்: மறுநாள் மாலைக்குள் மணாலிப் பக்கமிருந்து பேசவில்லை என்றால் அவன் 112-ஐ அழைக்கட்டும், லோசரில் பதிவு செய்த நேரத்தைச் சொல்லித் தேடச் சொல்லட்டும். அதை அவன் தயங்காமல் செய்ய வேண்டும், நீ இப்போதே அவனுக்குச் சொல்லிவிடு.

தோப்புக்காரி:

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். இன்றைக்கே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

தொப்பூர் அண்ணா, கடைசியாக ஒன்று: வண்டியை ரயிலில் ஏற்ற என்ன என்ன வேண்டும்?

தொப்பூர் கணவாய்:

நீங்களும் அதே ரயிலில் போவதால் லக்கேஜ் என்று பதிவு செய்யுங்கள், பார்சல் என்று அல்ல. பயண டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பார்சலாகப் போட்டால் வேறு ரயிலில் போய் நாள் கழித்து வரலாம். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, அடையாள அட்டை நகல்கள். பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும், சொட்டு இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். கண்ணாடி இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்ட நிலையத்துக்கு வெளியிலேயே ஆட்கள் இருப்பார்கள், டேங்க்கையும் ஹெட்லைட்டையும் இரண்டு சுற்றுக் கட்டச் சொல்லுங்கள். அட்டையில் பெயர், ஃபோன் எண், போகும் நிலையம் எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரிதாக எழுதி இரு பக்கமும் கட்டுங்கள். முந்தைய நாளே போய் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், இடம் இருக்கிறதா என்று அப்போதுதான் உறுதியாகத் தெரியும். சண்டிகரில் இறக்கியதும் முதல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அரை லிட்டர் வாங்கி வர ஆட்டோக்காரரிடம் சொன்னால் அந்த வேலையும் மிச்சம்.